சாம்பல் இங்கே, சம்பளம் எங்கே?

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயிலில் போகிறவர்கள் அத்திப்பட்டு புதுநகரைத் தாண்டும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும். வானத்தைக் குத்திக்கொண்டு புகைபோக்கிகள் வரிசையாக நிற்பது தெரியும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட். அதற்குப் பின் வந்த இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். மத்திய அரசின் தேசிய அனல்மின் கழகமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். 2024 மார்ச்சில் முதலமைச்சர் தொடங்கி வைத்த மூன்றாம் நிலை 800 மெகாவாட். கூட்டிப் பாருங்கள், 4,130 மெகாவாட்! போதாக்குறைக்கு எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம், அதன் பக்கத்திலேயே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காக 2010இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம்.

இத்தனையும் மீஞ்சூரைச் சுற்றித்தான். மின்சாரம் தென்மாநிலங்களுக்குப் போகிறது. குடிநீர் சென்னைக்குப் போகிறது. சாம்பல் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது. செப்பாக்கத்து மக்கள் சாம்பல் குளத்தின் ஓரத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பதை நாடே பத்திரிகைகளில் படித்திருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, இறால் பிடித்த இடத்தில் சேறு அள்ளும் நிலை வந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கதையை இன்னொரு முறை புலம்புவதற்காக இந்தத் தலையங்கத்தை எழுதவில்லை. நாம் கேட்பது ஒரு கேள்வி. பழவேற்காட்டிலும் காட்டூரிலும் மீஞ்சூரிலும் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இத்தனை கோடி முதலீட்டிலிருந்து கிடைத்த கல்வி என்ன? கற்ற தொழில் என்ன? பத்தாம் வகுப்பை முடித்தவுடன் காண்ட்ராக்டரிடம் மஞ்சள் தொப்பி வாங்கிக்கொண்டு லாரிக்குத் தார்ப்பாய் கட்டப் போவதும், மண்ணடியில் கடைப் பையனாகச் சேருவதும், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு ஏஜெண்டின் வாசலில் நிற்பதும்தான் அவர்களுக்கு விதிக்கப்பட்டதா?

இந்த வட்டாரத்து மேல்நிலைப்பள்ளி மாணவ மாணவியருக்குக் கோடை விடுமுறையில் ஆறு வாரம், சுற்றுச்சூழலைக் காப்பதிலும் சூரியசக்தி போன்ற மாசில்லா மின்சாரத் தொழிலிலும் பயிற்சி கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு மாதச் சம்பளம் போல ஓர் உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். நம் கோரிக்கை இவ்வளவுதான்.

"படிக்கிற பிள்ளைக்குச் சம்பளமா? இது எந்த ஊர் வழக்கம்?" என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டே இதற்குத் தனிச் சட்டம் போட்டார்கள். இளைஞர் இயற்கைப் பாதுகாப்புப் படை என்று அதற்குப் பெயர். 15 வயது முதல் 18 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் காடுகளிலும் தேசியப் பூங்காக்களிலும் வேலைக்கு எடுத்து, பாதை அமைக்கவும், மண் அரிப்பைத் தடுக்கவும், மரம் நடவும் பழக்கி, கூலியும் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எல்லா வழிகளையும் நாம் பின்பற்றச் சொல்வதில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் பணக்கார நாடே தன் பிள்ளையின் உழைப்புக்கு விலை கொடுத்துத்தான் பயிற்சி அளிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டாமா?

நம் நாட்டில் எதுவுமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் நம் பிள்ளையின் தலைக்கு மேலே பறக்கின்றன. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் என்று தமிழக அரசு ஒன்றை நடத்தியது. மாவட்டங்களுக்கு 40 பேரைத் தேர்ந்தெடுத்து, நல்ல சம்பளம் கொடுத்து, அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிற்சி அளித்தார்கள். நல்ல திட்டம்தான், பாராட்டுகிறோம். ஆனால் அது பட்டம் வாங்கியவர்களுக்கு. மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் பெயரில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளில் ஓராண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய். அப்போது அதற்கு வைத்த வயது வரம்பு 21 முதல் 24! பழவேற்காட்டுப் பையன் 21 வயதாகும்வரை யாருடைய சோற்றைத் தின்றுகொண்டு காத்திருப்பான்? அதற்குள் அவன் துபாய்க்குப் போய் இரண்டு முறை விடுமுறையில் வந்திருப்பான்.

தொழில் பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் குறைந்தது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பழகுநரைச் சேர்த்தாக வேண்டும் என்று 2019இல் விதியைத் திருத்தினார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் குறைந்தது 6,000 ரூபாய், பன்னிரண்டு முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று அப்போது உதவித்தொகையும் நிர்ணயித்தார்கள். இதுவும் பள்ளியை விட்டு வெளியே வந்தவருக்குத்தான். பள்ளிக்குள் இருப்பவனைப் பள்ளியிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு கையில் ஒரு தொழிலையும் பையில் நாலு காசையும் கொடுக்கும் திட்டம் எதுவும் இந்த வட்டாரத்தில் இல்லை. தொழிற்கல்விப் பாடப்பிரிவு மாணவருக்குச் சில நாட்கள் உள்ளுறைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. அது கையெழுத்து வாங்கி ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதோடு முடிந்துவிடாமல் இருந்தால் நல்லது.

காசு கொடுக்காமல், "சேவை மனப்பான்மையோடு வா தம்பி" என்று ஏன் கூப்பிடக் கூடாது? இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் சமுதாயத்திலேயே பலருக்கு இந்த எண்ணம் இருக்கிறது.

பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம் பக்கத்தில். எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. முறை வராத நாளில் அந்த வீட்டில் வருமானம் இல்லை. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. அப்போது யாருக்கு முறை வந்து என்ன பயன்? இருளர் குடும்பங்கள் வலையும் இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குள் போகாதே என்று உத்தரவு வேறு. (வானத்துக்குப் போகும் வண்டியை இத்தனை பக்கத்திலிருந்து பார்க்கும் பிள்ளைகள் உலகத்தில் வேறெங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்று ஸ்ரீஹரிகோட்டாவைக் கேட்டால் அது வேறு கதையாகிவிடும்!)

இப்படிப்பட்ட வீட்டில் பதினாறு வயதுப் பையனின் கோடை விடுமுறை விடுமுறையே அல்ல. அவன் வலை பிரிக்கிறான், ஐஸ் உடைக்கிறான், பெட்டி தூக்குகிறான். அந்த ஐம்பது நூறு ரூபாய் அந்த வீட்டு அரிசி. அவனைப் பார்த்து, "ஆறு வாரம் சும்மா வந்து தண்ணீரைப் பரிசோதனை செய்யக் கற்றுக்கொள்" என்றால், அவன் வர மாட்டான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வருவான், சான்றிதழை வாங்குவான், அதைக் காட்டி நல்ல கல்லூரியில் இடமும் பிடிப்பான். கூலி இல்லாத பயிற்சி ஏழைக்குப் பூட்டிய கதவுதான், திறந்திருப்பது போல வரைந்து வைத்த கதவு.

சென்னையிலேயே இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்ற குழுவினர் 1988 முதல் பெசன்ட் நகர் பக்கம் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறார்கள். கைக்காசு செலவழித்துச் செய்யும் தூய தொண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் அங்கே நடக்கிறவர்களில் பெரும்பாலோர் நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள். நீலாங்கரையில் தொடங்கப்பட்ட ட்ரீ ஃபவுண்டேஷன் வேறு வழியில் போனது. மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாக்கி, சீசனில் அவர்களுக்கு உதவித்தொகையும் ஏற்பாடு செய்தது. கரையில் பிறந்தவனுக்குக் கரையைக் காக்க ஒரு வரும்படி! இந்த இரண்டாவது வழிதான் பழவேற்காட்டுக்குப் பொருந்தும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அப்போது அவற்றை எண்ணவும் புதைக்கவும் ஓடி வந்தவர்களில் உள்ளூர் ஆட்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்து இளைஞர்கள் சுற்றுச்சூழல் வேலையை ஏற்கெனவே செய்து கொண்டுதான் இருக்கிறார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. ஒரு பெரிய துறைமுகத்தின் வாசலில் நடந்த விபத்து. கரையில் நின்று அதை அள்ளியது எந்த இயந்திரம்? வாளியும் குவளையும்! தொண்டர்களும் இளைஞர்களும் முழங்கால் அளவு கரிய சகதியில் நின்று கையால் அள்ளிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. மறுபடியும் மீனவர்கள்தான் படகோடு இறங்கினார்கள். தகுந்த கையுறையும் முகமூடியும் இல்லாமல் பலர் இறங்கியதைப் பத்திரிகைகள் எழுதின. ஆக, ஆபத்து வந்தால் நம் பிள்ளை பயிற்சியில்லாத தொண்டன். ஆபத்து இல்லாத நாளில் அதே வேலைக்கு வெளியூரிலிருந்து ஆய்வாளர் வருவார், அவருக்குச் சம்பளமும் உண்டு, கார் வசதியும் உண்டு!

சரி, ஆறு வாரத்தில் என்ன கற்றுக்கொடுக்கலாம்?

முதலாவது, தண்ணீர். ஏரியின் உப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு எவ்வளவு என்பதை அளக்கச் சில ஆயிரம் ரூபாய்க் கருவிகள் போதும். பள்ளி வேதியியல் படித்த பிள்ளைக்கு இது சிரமமே இல்லை. முகத்துவாரத்தில் ஓரிடம், ஆரணி ஆறு கலக்கும் இடத்தில் ஓரிடம், காட்டுப்பள்ளிப் பக்கம் ஓரிடம் என்று குறித்துக்கொண்டு வாரம் இருமுறை அளந்து நோட்டில் எழுத வேண்டும். எந்த வலையில் என்ன மீன் விழுந்தது, நண்டு எவ்வளவு, இறால் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இது என்ன பெரிய காரியமா என்று கேட்காதீர்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்க ஒரு திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள், தள்ளி வைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதையும் தள்ளி வைத்தார்கள். மீனவர்களின் எதிர்ப்பு அத்தனை பலமாக இருந்தது. ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாக என்ன நடக்கிறது? கம்பெனி பக்கம் ஆயிரம் பக்க அறிக்கை இருக்கும், அட்டவணை இருக்கும், வரைபடம் இருக்கும். மக்கள் பக்கம் குரல் இருக்கும், கண்ணீர் இருக்கும். அதிகாரி குரலைக் கேட்டுவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். "ஐயா, இந்த இடத்தில் ஐந்து வருடமாக நாங்கள் அளந்து வைத்திருக்கிறோம், இதோ நோட்டு" என்று ஒரு பதினேழு வயதுப் பெண் எழுந்து சொன்னால், அந்தக் கூட்டம் வேறு மாதிரி நடக்கும். நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் கேட்கப்படுவது இப்படிப்பட்ட நோட்டுதான்.

அந்த நோட்டு துறைமுகத்துக்குச் சாதகமாகவும் பேசலாம். பேசட்டுமே! உண்மைக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்? ஏரியில் மீன் குறைந்ததற்குத் துறைமுகம் காரணமா, சாம்பல் காரணமா, முகத்துவாரம் அடைபட்டது காரணமா, நாமே பொடிக்கண்ணி வலை போட்டுக் குஞ்சை அரித்தது காரணமா என்பது தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது, காற்று. மீஞ்சூர், அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கத்தில் மொட்டைமாடியில் துணி காயப் போட்டு எடுக்கிற எந்தத் தாய்க்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனால் துணியில் படிந்த கரியை எந்த அதிகாரியும் ஆதாரமாக ஏற்க மாட்டார். பள்ளிக் கூரையில் ஒரு தூசி அளவி வைத்து, அதைப் படிக்கவும், பழுதானால் சரிசெய்யவும், வாரியத்தின் கணக்கோடு ஒப்பிடவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, சூரியசக்தி. இங்கே வணிகப் பெருமக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். மீன் வியாபாரத்தில் லாபத்தைத் தின்பது ஐஸும் கரண்ட் பில்லும்தான் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வீடுகளின் கூரையில் சோலார் பேனல் போட மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். இது வீட்டு இணைப்புக்குத்தான், கடைக்கு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்கிறவரிடம் ஏமாறாதீர்கள். பேனலைப் போடுவது ஒரு நாள் வேலை. உப்புக்காற்று அரித்த நட்டை மாற்றுவதும், சாம்பல் படிந்த தகட்டைத் துடைப்பதும், இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்னவென்று பார்ப்பதும் இருபது வருட வேலை. அதற்கு ஆள் எங்கே? சென்னையிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றால் வண்டிக்கூலியே வாயைப் பிளக்க வைக்கும். பழவேற்காட்டுக்குள்ளேயே பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால்?

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் சூரியசக்தியில் ஓடும் பயணிகள் படகு விட்டார்கள். நாட்டிலேயே முதல் படகு. வேம்பநாட்டு ஏரியில் ஓடியது பழவேற்காட்டு ஏரியில் ஓடாதா? கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே கடன் வாங்கி ஒரு காற்றாலையை நிறுவி, மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. ஒரு சாதாரண ஊராட்சி!

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையத்தைக் கட்டினார்கள். கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. கட்டி முடித்தபின் தகட்டைத் துடைக்கக்கூட இயந்திரம் வைத்துவிட்டார்கள். மாசில்லாத மின்சாரம் வந்தால் உள்ளூர்க்காரனுக்குத் தானாக வேலை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கமுதிக்கு ஒருமுறை போய் வரலாம். தொழில் தெரிந்தவனுக்குத்தான் வேலை நிற்கும். மண் சுமந்தவனுக்குக் கட்டடத்தோடு வேலை முடியும்.

வளைகுடாவிலும் இதே நிலைதான். எண்ணெய்க் கிணறுகளின் நாடான அபுதாபியே 2019இல் 1,177 மெகாவாட் சூரியமின் நிலையத்தை இயக்கியது, 2023இல் அதைவிடப் பெரியதைத் திறந்தது. நம் இளைஞர்கள் அங்கே போகாமல் இருக்கப் போவதில்லை. ஹெல்பர் விசாவில் போகிறானா, டெக்னீசியன் விசாவில் போகிறானா என்பதே வித்தியாசம். அந்த வித்தியாசம் மாதச் சம்பளத்தில் தெரியும், ஊருக்கு வரும் டிராப்டில் தெரியும்.

இதற்கெல்லாம் பணம்? பணம் இருக்கிறது. அதுவும் சட்டப்படி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். அரசுக் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியலில் தொழிற்பயிற்சியும் உண்டு, சுற்றுச்சூழலும் உண்டு. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே துறைமுகங்களிடமும் வல்லூர் நிலையத்திடமும் நாம் தர்மம் கேட்கவில்லை. சட்டம் எழுதி வைத்த வரிசையில் நம் பிள்ளையையும் நிறுத்தச் சொல்கிறோம்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். பழகுநர் சட்ட விதியில் 2019இல் சொன்ன 6,000 ரூபாயையே அடிப்படையாக வைத்தால், ஆறு வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு 9,000 ரூபாய். நூறு பிள்ளைகளுக்கு 9 லட்சம். கருவி, பயிற்றுநர், பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18 லட்சம் ரூபாய். நம்மவர் சிலர் ஒரே இரவில் ஒரு நிக்காஹ் விருந்துக்கும் மண்டப அலங்காரத்துக்கும் இவ்வளவு செலவழிப்பதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

எனவே கம்பெனியை மட்டும் கை காட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சமுதாயத்தின் பக்கமும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற பையனைக் கடையில் சேர்த்துக்கொண்டு, "ஒரு குடும்பத்துக்கு உதவி செய்தேன்" என்று சொல்லிக்கொள்ளும் முதலாளிகள் நம்மில் எத்தனை பேர்! பத்து வருடம் கழித்தும் அவன் அதே கடையில் அதே மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தால் அது உதவியா? அவனைப் பள்ளியிலேயே வைத்து, கோடையில் மட்டும் அழைத்து, உங்கள் கடைக் கூரையின் சோலார் இணைப்பையும் குளிர்சாதனப் பெட்டியின் மின்செலவையும் கணக்கெடுக்கச் சொல்லி, ஆறு வாரத்துக்கு உதவித்தொகை கொடுத்துப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் 9,000 ரூபாயில் ஒரு பகுதியாவது கரண்ட் பில்லில் திரும்பி வரும். ஜமாஅத்துகளும் யோசிக்கலாம். பள்ளிவாசல் கூரைகள் பகல் முழுவதும் வெயிலில் காய்கின்றன. ஏசி போடப் பணம் திரட்டுகிற ஊர்கள், அந்த ஏசிக்கு மின்சாரம் தரும் தகட்டைப் போட்டு, அதைப் பராமரிக்க இரண்டு மாணவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து மாதம் ஒரு தொகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டுப் பேசுவது நம் கூட்டங்களின் பழைய வியாதி. பழவேற்காட்டில் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடையும் கலையைக் காப்பாற்றி வைத்திருப்பது நம் பெண்கள்தான். இந்த ஊர்த் துணி கடல் கடந்து போய், மெக்சிகோ நாட்டில் தலையில் கட்டும் துணிக்கே 'பலியகாத்தே' என்று இந்த ஊரின் பெயர் விழுந்தது. அத்தனை கைத்திறன் உள்ள ஊரில் பிளஸ் டூ முடித்த பெண் வீட்டோடு இருக்கிறாள். தண்ணீரை அளப்பதும், தூசியைக் கணக்கெடுப்பதும், கணினியில் பதிவதும் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில், பெண் ஆசிரியை மேற்பார்வையில் செய்யக்கூடிய வேலைகள். பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. உதவித்தொகை அந்தப் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழ வேண்டும் என்பதில் மட்டும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பயிற்சி என்ற பெயரில் மலிவான கூலி ஆள் பிடிக்கும் வேலை எங்கும் நடக்கிறது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. ஆகவே எந்த மாணவனும் சாம்பல் குளத்தில் இறங்கக் கூடாது, அனல்மின் நிலையத்துக்குள் வேலை பார்க்கக் கூடாது, பாதுகாப்புக் கயிறு இல்லாமல் கூரை ஏறக் கூடாது, மின் இணைப்பு கொடுத்த கம்பியைத் தொடக் கூடாது. ஒரு மரக்கன்றை நட்டு, நூறு பேரை பேனருக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகும் விளம்பரமாகவும் இது முடிந்துவிடக் கூடாது. பிள்ளைகள் அளந்து எழுதும் நோட்டு பள்ளிக்கும் ஊருக்கும் சொந்தம். பணம் கொடுத்தவர் கம்பெனியாகவே இருந்தாலும், தனக்குப் பிடிக்காத கணக்கைக் கிழிக்க அவருக்கு உரிமை கிடையாது. இதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை தருகிறோம் என்று வாயால் சொன்ன வார்த்தைக்காகக் காட்டுப்பள்ளிப் பகுதி மீனவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்தக் கோரிக்கை ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரியதல்ல. மீனவர், இருளர், தலித், முஸ்லிம் என்று ஏரியை நம்பியிருக்கும் எல்லோர் பிள்ளைகளும் ஒரே அரசுப் பள்ளி பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். மீனவ கிராம நிர்வாகத்தாரோடும் ஊராட்சித் தலைவர்களோடும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் உட்கார்ந்து பேசி, ஒரே மனுவாகத் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு அதிகாரிகளை ஆட்சியர் ஒரு நாள் தம் அறையில் கூட்டி உட்கார வைத்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

இளைஞர்களே! வரும் ஏப்ரல் இறுதியில் பள்ளிகள் மூடிவிடும். அதற்கு முன்பே பதினோராம் வகுப்பில் யார் யார், எந்தக் குப்பம், வீட்டில் என்ன தொழில், எதில் ஆர்வம் என்ற பட்டியலைத் தலைமை ஆசிரியர்களின் உதவியோடு தயாரித்துவிடுங்கள். பயிற்சி கொடுக்க முன்வரும் எலக்ட்ரீசியன், ஐ.டி.ஐ. ஆசிரியர், கல்லூரிப் பேராசிரியர் பெயர்களையும் சேருங்கள். உதவித்தொகைப் பொறுப்பை ஏற்கும் வணிகர்கள் எத்தனை பிள்ளைகளுக்கு என்று எழுதிக் கையெழுத்திடட்டும். ஆட்சியரிடம் கொடுத்த மனுவின் நகலையும் கிடைத்த பதிலையும் நமக்கு அனுப்பி வையுங்கள். பதில் வராவிட்டால் அதையும் அனுப்புங்கள். தேதியோடு வெளியிடுகிறோம்.